இன்சுலின் செடி நீலமாய்ப் பூத்தது

என் வீட்டுக்காரருக்கு மாத்திரை என்றாலே ஆகாது. எங்கள் ஊர்த் தொழிற்பேட்டையான மேட்டுப்பாளையத்தில் ஒரு கம்பெனியில் நாள் முழுக்க இயந்திரத்தோடு மல்லுக்கட்டுகிற மனிதர், ஒரு சின்ன மாத்திரையைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். சுகர் இருக்கிறது என்று டாக்டர் சொன்ன பிறகும் அந்தக் குணம் மாறவில்லை. அப்போதுதான் கூட வேலை செய்கிறவர் யாரோ இன்சுலின் செடியைப் பற்றிச் சொன்னார். காலையில் வெறும் வயிற்றில் ஓர் இலை மென்றால் போதுமாம். முத்தியால்பேட்டையில் எங்கள் தெருவிலும் இந்த வைத்தியம் உண்டு. ஆனால் மற்றவர்கள் மாத்திரையையும் போட்டுக்கொண்டு இலையையும் மெல்கிறார்கள். இலையை நம்பி மாத்திரையை நிறுத்திய ஒரே மகராசன் இவர்தான்.

பிள்ளைச்சாவடிக்கு மீன் வாங்கப் போனவர், திரும்பும் வழியில் ஒரு நர்சரியில் அந்தச் செடியை வாங்கி வந்தார். தொட்டியில் செருகியிருந்த அட்டையில் 'இன்சுலின்' என்று எழுதியிருந்தது. வாசலில் இடமில்லாததால் ஹாலில் ஜன்னலோரம் வைத்தோம். பல் விளக்கியதும் ஓர் இலையைப் பறித்து மாடு மாதிரி அசைபோடுவார். பின்னாலேயே டீ கேட்பார், சர்க்கரை தூக்கலாக. நான் கத்தினால், "அதான் எல துன்றேன் இல்ல, அது பாத்துக்கும்" என்பார்.

ஷூ கடித்துக் கால் கட்டைவிரலில் ஒரு புண் வந்தது. ஆறவே இல்லை. விரல் கறுத்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு வரச் சம்மதித்தார். விரலை எடுத்துவிட்டார்கள். மாத்திரையை விட்டால் அடுத்தது பாதம்தான் என்று டாக்டர் என்னைப் பார்த்துச் சொன்னார், என்னவோ நான்தான் மாத்திரையை ஒளித்துவைத்தது போல. எனக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தது.

குளித்துவிட்டு வரலாம் என்று வீட்டுக்குப் போனேன். செடியின் உச்சியில் நீல நிறத்தில் கொத்தாகப் பூ பூத்திருந்தது. எதிர் வீட்டு அக்காவின் இன்சுலின் செடியில் ஆரஞ்சுப் பூ பூத்துப் பார்த்திருக்கிறேன். சந்தேகம் வந்து அவரைக் கூட்டிவந்தேன். அவர் எங்கள் செடியில் ஓர் இலையைக் கிள்ளி மென்றார்.

"இன்னாடி இது, சப்புனு கீது? இன்சுலினு புளிக்கும்டி" என்றார்.

அவர் வீட்டு இலையை மென்று பார்த்தேன். நாக்கு கூசியது. பூவைப் படமெடுத்து என் மகளுக்கு அனுப்பினேன். அவள் போனில் தேடிப் பார்த்து, இதற்கு நீல இஞ்சி என்று பெயர், இஞ்சி வகையும் கிடையாது, வீட்டுக்குள் அழகுக்கு வைக்கிற செடி என்றாள். தண்டைச் சுற்றி இலை ஏறுவதில் இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்குமாம்.

வெறும் அழகுச் செடியைத் தின்று விரலைத் தொலைத்திருக்கிறார். ஆனாலும் ஒரு நிம்மதி. இதைச் சொன்னால் இலைப் பைத்தியம் தெளியும், இனி ஒழுங்காக மாத்திரை போடுவார் என்று நம்பினேன்.

என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் இரண்டு இலைகளையும் முன்னால் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். எதிர் வீட்டு இலையை வாயில் போட்டுக்கொண்டார். புளிப்பில் கண்ணை இறுக்கி மூடினார். திறந்தபோது அந்த முகத்தில் எத்தனையோ நாளாக நான் பார்க்காத வெளிச்சம்.

"அதான பாத்தேன்! எல மேல ஒண்ணும் தப்பில்ல. நர்சரிக்காரன் மாத்திக் குட்த்துட்டான். அக்காகிட்ட ஒரு கன்னு கேட்டு வாங்கினு வா."

ஒரு கையில் மாத்திரையும் இன்னொரு கையில் தண்ணீருமாக நின்றேன். நான் போகவில்லை. அவரே நொண்டிக்கொண்டு போய் வாங்கி வந்துவிட்டார்.

இப்போது பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்கிறார்: "தப்பான செடியால போச்சு வெரலு. எங்க வீட்லதான் கண்டுபுட்ச்சாங்க. இல்லன்னா இன்னும் அதையே துன்னுனு இருந்திருப்பேன்." வந்தவர்கள் என்னைப் பாராட்டுகிறார்கள். எனக்கு எழுந்து ஓடிவிடலாம் போலிருக்கும்.

நேற்றுக் கட்டு மாற்றும்போது பக்கத்து விரலின் நுனி கறுத்திருப்பதைக் காட்டினேன். அவர் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

"புதுச் செடி இப்பதான வேல செய்ய ஆரம்பிச்சிருக்கு. கொஞ்ச நாள் போவட்டும்" என்றார்.