மருமகள் வெட்டிய பள்ளம்

தையல்கடை வைத்திருந்த அந்த அம்மாவுக்குத் தன் மருமகளின் வேலை என்னவென்று வெளியில் சொல்லவே கூச்சம். யாராவது கேட்டால், "ஏதோ மண்ணு சம்பந்தமா ஆபீஸ்ல..." என்று இழுத்துவிட்டு மிஷினை ஓட விடுவார். மருமகள் நிலவியலாளர். மலைகள் எப்படி உயர்ந்தன, பழைய நிலநடுக்கங்கள் எங்கே தரையைக் கிழித்தன என்று தோண்டிப் பார்ப்பது அவள் தொழில். வீடு திரும்பும்போது காதுமடல்வரை புழுதி இருக்கும்.

ஊருக்கு ஆஸ்பத்திரி வரப்போகிறது என்று தெரிந்த அன்று மாமியார் அழுதே விட்டார். அவர் கணவர் நெஞ்சுவலியோடு அடுத்த ஊர் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில், வண்டியிலேயே உயிர்விட்டவர்.

இடம் மலையடிவார மைதானம். அதைச் சோதிக்கும் வேலை மருமகளிடம் வந்தது. மைதானத்தின் குறுக்கே முழங்கால் உயரத்துக்கு ஒரு மேடு நேராக ஓடியது. பந்தாட்டம் பார்க்கிறவர்கள் உட்கார வசதியான மேடு. அவளுக்கு மட்டும் அது உறுத்தியது. மேட்டுக்குக் குறுக்கே ஆளுயரப் பள்ளம் வெட்டவைத்து, முட்டுக்கொடுத்து, சுவரைக் கரண்டியால் வழித்துப் பார்த்தாள். மணல், களிமண், கரி கலந்த மண் என்று அடுக்கடுக்காகத் தெரிந்தது. ஓரிடத்தில் அத்தனையும் அறுந்து, மலைப்பக்கம் மேலேறி நின்றது. அடியில் இருந்த அடுக்குகள் அதிகமாக விலகியிருந்தன, மேலே இருந்தவை குறைவாக. அப்படியென்றால் பூமி ஒரு தடவையல்ல, இரண்டு தடவை கிழிந்திருக்கிறது. கரித்துண்டுகளை ஆய்வகத்துக்கு அனுப்பி வயது பார்த்ததில், கடைசிக் கிழிசலுக்கு ஏறக்குறைய அறுநூறு வருடம்.

'இங்கே கட்டக்கூடாது' என்று எழுதிக் கொடுத்தாள். வந்த ஆஸ்பத்திரியை வரவிடாமல் செய்துவிட்டாள் என்று ஊரே கரித்துக் கொட்டியது. வீட்டில் மாமியார் சோற்றைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருந்தார்.

"உன் மாமா எப்படிப் போனாருன்னு தெரிஞ்சுமா இப்படிப் பண்ணின?"

"ஆஸ்பத்திரி வேணாம்னு சொல்லல அத்தை. பூமி கிழிஞ்ச அந்தக் கோட்டு மேல வேணாம்னுதான் சொன்னேன்."

"அறுநூறு வருஷமா தூங்கினது இப்பவா முழிக்கப் போகுது?"

"எப்ப முழிக்கும்னு எனக்குத் தெரியாது. முழிச்சா எங்க கிழிக்கும்னு தெரியும். வந்துதான் பாருங்களேன்."

மறுநாள் பள்ளத்தைச் சுற்றிக் கூட்டம். கட்டட ஒப்பந்தக்காரர், "குழியப் பாத்து ஜோசியம் சொல்றாங்கப்பா" என்று சிரித்தார். மாமியார் ஏணியில் இறங்கினார். மருமகள் அவர் விரலைப் பிடித்து, கருப்பு அடுக்கு அறுந்த இடத்தில் வைத்து, அது மறுபடி தொடங்கும் இடம்வரை மேலே நகர்த்தினாள். விரல் நெடுந்தூரம் போக வேண்டியிருந்தது.

"ஒரே நாள்லயா இவ்வளவு ஏறுச்சு?"

"ரெண்டு தடவையில. இந்த மலை முழுக்க இப்படித்தான் அத்தை வளந்துச்சு. கொஞ்சம் கொஞ்சமா, எத்தனையோ ஆயிரம் தடவை."

மாமியார் நிமிர்ந்து மலையைப் பார்த்தார். அந்த மேட்டின் மேல் நோயாளிகள் படுத்திருப்பதை நினைத்தாரோ என்னவோ, முகம் வெளுத்துவிட்டது. மேலேறி வந்து ஒப்பந்தக்காரரிடம், "சிரிப்பெல்லாம் அப்புறம். இறங்கிப் பாத்துட்டு வந்து பேசுங்க தம்பி" என்றார். அவர் இறங்கினார். ஏறி வந்தவர், "மறுகோடியில கட்டினா ஆகுமாம்மா?" என்று மருமகளிடம்தான் கேட்டார்.

அங்கேயும் தோண்டிப் பார்த்தாள். அடுக்குகள் அறுபடாமல் கிடந்தன. வேலை ஒரு வருடம் தள்ளிப்போனாலும் ஆஸ்பத்திரி அங்கேயே எழும்பியது. கோடு ஓடும் நிலத்தில் புல்லும் மரங்களும் மட்டும். இவ்வளவு இடத்தை ஏன் சும்மா போட்டிருக்கிறார்கள் என்று யாராவது கேட்டால் போதும், மாமியார் கத்திரிக்கோலைக் கீழே வைத்துவிடுவார்.

"சும்மாவா? அது என் மருமக காப்பாத்தி வெச்ச இடம். உக்காருங்க, சொல்றேன்."

பூமி இன்னும் அசையவில்லை. ஆனாலும் அவள் சொன்னது பொய்தானே என்று ஊரில் யாரும் பேசுவதில்லை. பேசினால், கொடுத்த துணி தைத்து வராது.