மகளே என்று வரும் பாட்டு

வளைகுடாவில் ஓர் அரபியின் வீட்டுக் காரை ஓட்டிக்கொண்டிருந்த காலம் முழுவதும் என் வீட்டுக்காரருக்குத் துணையாக இருந்தது நானல்ல, தீப்பெட்டி அளவில் இருந்த ஒரு எம்பி3 பிளேயர். வேலையை விட்டு ஊருக்கு வந்தபோது அதையும், அதைக் கார் ரேடியோவில் பாட வைக்கிற ஒரு சின்னக் கருவியையும் கொண்டுவந்தார். சிகரெட் பற்றவைக்கும் ஓட்டையில் அந்தக் கருவியைச் செருகி, பிளேயரிலிருந்து ஒரு ஒயரை அதில் மாட்ட வேண்டும். பிளேயரில் ஓடுகிற பாட்டு ஒரு எஃப்.எம். நிலையம்போல ரேடியோவில் வரும். நாங்கள் வாங்கிய பழைய காரில் பாட்டுக் கேட்க வேறு வழி இல்லை. கருங்கல் சந்தைக்கு மீன் வாங்கப் போகிற தூரத்துக்கு இத்தனை ஒயரா என்று நான் கேலி செய்வேன். அவர் காதில் போட்டுக்கொள்ளாமல் பாட்டோடு சேர்ந்து பாடிக்கொண்டே ஓட்டுவார்.

பக்கவாதம் வந்தபோது வலது கையும் பேச்சும் போயின. கை கொஞ்சம் திரும்பி வந்தது. பேச்சில் 'செரி' மட்டும் மிஞ்சியது. சாப்பிடுகிறீர்களா என்றால் செரி. வலிக்கிறதா என்றால் செரி. கோபம் வந்தாலும் செரிதான், கொஞ்சம் சத்தமாக. வாய் ஓயாத மனுஷன் அவர். டீக்கடையில் உட்கார்ந்தால் கடைக்காரர் பெஞ்சை எடுத்து உள்ளே போடுகிறவரை எழுந்திருக்க மாட்டார். அவருக்கா இந்தக் கதி என்று கடவுளிடம் நான் சண்டை போட்டிருக்கிறேன். அந்தப் பக்கமிருந்து ஒரு செரிகூட வரவில்லை.

எங்களுக்கு ஒரே மகள். மஸ்கட்டில் நர்ஸாக இருக்கிறாள். அவளைப் பேர் சொல்லி அவர் கூப்பிட்டதே கிடையாது, எப்போதும் 'மக்ளே'தான். போனில் அவள் ஹலோ சொல்லி முடிப்பதற்குள் இங்கிருந்து 'மக்ளே' போய்விடும். அவருக்கு முடியாமல் போனபோது ஓடி வந்தவள், லீவு முடிந்து திரும்பிப் போன பிறகு ஒவ்வொரு போனிலும் அதை மட்டும்தான் கேட்டாள்.

"ஒருக்கா கூப்பிடுங்கப்பா."

அவர் கழுத்து நரம்பு புடைக்க முயற்சி செய்வார். கடைசியில் செரி என்பார். அவள் சிரிப்பாள். பிறகு மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்கும். அவளுக்கு அப்பாவிடமிருந்து வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை. அதை எப்படியாவது வாங்கிக் கொடுத்துவிட வேண்டும் என்று எனக்குப் பிடிவாதம் பிடித்துக்கொண்டது.

பேச்சுப் பயிற்சிக்குத் திருவனந்தபுரம் போகச் சொன்னார்கள். அதற்காகவே நான் கார் ஓட்டப் படித்தேன். சொந்தக்காரர்கள் சிரித்தார்கள், சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். முதல் பயணத்தில் அவருக்கு ஆறுதலாக இருக்குமே என்று பிளேயரை மாட்டினேன். மார்த்தாண்டம் பாலத்தில் ஏறும்போது பக்கத்து சீட்டிலிருந்து பாட்டுக் கேட்டது. அவர் பாடிக்கொண்டிருந்தார். ஒரு சொல் பிசகவில்லை, ஒரு எழுத்து விழுங்கவில்லை. நான் பாலத்தின் நடுவிலேயே வண்டியை நிறுத்திவிட்டேன். பின்னால் வந்த பஸ் டிரைவர் என் குடும்பம் முழுவதையும் இழுத்து வைத்து ஏசினார். எனக்கு அழுகையும் சிரிப்புமாக வந்தது.

கேரள எல்லையில் களியக்காவிளை தாண்டியதும் நாங்கள் வைத்திருந்த அலைவரிசையில் ஒரு மலையாள நிலையம் புகுந்தது. எங்கள் பாட்டை அமுக்கிவிட்டு நகைக்கடை விளம்பரம் வந்தது. அவரும் பாதிச் சொல்லில் நின்றுவிட்டார். மேலே பாடுங்கள், மேலே பாடுங்கள் என்று கெஞ்சினேன். செரி என்றார். திரும்பி வரும்போது அதே களியக்காவிளையில் இரைச்சலுக்கு அடியிலிருந்து பாட்டு மெல்ல மேலே வந்தது. எந்த வரியில் வந்ததோ அந்த வரியிலேயே அவரும் சேர்ந்துகொண்டார். அலைவரிசையை வேறு எண்ணுக்கு மாற்றியிருந்தால் இந்தத் தொல்லை இருந்திருக்காது. வேண்டுமென்றேதான் மாற்றாமல் விட்டேன். பாட்டு நின்ற பிறகு ஒரு சொல்லாவது தானாகப் பாடிவிட மாட்டாரா என்று ஒவ்வொரு தடவையும் அந்த இடத்தில் ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருப்பேன். அவர் ஒருநாளும் பாடவில்லை.

பயிற்சி கொடுக்கிற பெண்ணிடம் இதைச் சொன்னேன். பாட்டு மூளையில் வேறு பக்கம் இருக்கும், அந்தப் பக்கம் இவருக்குக் கெடவில்லை, அதனால் பேச்சு வந்துவிடும் என்று நினைத்துவிடாதீர்கள் என்று மலையாளம் கலந்த தமிழில் பொறுமையாகச் சொன்னாள். சிலருக்குப் பாட்டின் வழியாகப் பேச்சு கொஞ்சம் வருவதுண்டாம். இவருக்கு அடி பெரிது என்றாள். எனக்கு வந்ததே கோபம். பாடுகிற வாய்தானே பேசவும் வேண்டும், அதற்கென்று தனி வாயா இருக்கிறது என்று கேட்டுவிட்டு வந்தேன்.

பாட்டில் உள்ள சொல்தான் வரும் என்றால், எனக்கு வேண்டிய சொல் இருக்கிற பாட்டைப் போட்டுவிட்டால் போயிற்று என்று தோன்றியது. கருங்கலில் செல்போன் கடை வைத்திருக்கிற பெண்ணிடம், மகளே என்று பளிச்சென்று வருகிற பாட்டாகத் தேடித் தரச் சொன்னேன். என்னை ஏற இறங்கப் பார்த்தாலும், பழசும் புதுசுமாகக் கொஞ்சம் ஏற்றிக் கொடுத்தாள். அவற்றில் ஒன்றுதான் அவருக்கு முன்பே தெரிந்த பாட்டு. ஓர் அப்பன் மகளைத் தூங்க வைக்கிற பழைய பாட்டு. அதையே திரும்பத் திரும்பப் போட்டேன். கேட்டுக் கேட்டு எனக்கே வெறுத்துப்போனது. அந்தச் சொல் வருகிற இடத்தில் ரேடியோ சத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வந்தேன். மாதங்கள் போயின. ஒருநாள் தக்கலைப் பக்கம் போய்க்கொண்டிருக்கும்போது சத்தத்தை முழுவதும் அணைத்தேன். கார் இஞ்சின் சத்தத்துக்கு மேலே அவர் குரல் மட்டும், மகளே என்று கேட்டது.

அந்த வெள்ளிக்கிழமை மகளுக்கு விடுமுறை இல்லை, டியூட்டிக்கு நடுவில் கொஞ்ச நேரம் பேசலாம் என்றாள். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வீட்டு முற்றத்தில் நின்ற காரில் அவரை உட்கார வைத்தேன். ஸ்பீக்கரில் அவளை அழைத்து, பேசாமல் கேளு என்று சொல்லிவிட்டுப் பாட்டைப் போட்டேன். அவர் இடது கையால் தாளம் போட்டுக்கொண்டு பாடினார். இடம் வந்தது. ரேடியோவை அணைத்தேன். ராகம் துளியும் பிசகாமல் மகளே என்றார்.

"கேட்டியா மக்ளே? அப்பா கூப்பிட்டாவ."

மறுமுனையில் யாரோ அரபியில் பேசுவது கேட்டது.

"பாட்டு நல்லா இருக்கும்மா," என்றாள். பிறகு அவள் பேசியபோது, நோயாளியின் வீட்டுக்காரர்களிடம் பேசுகிற அவள் குரல் எப்படி இருக்கும் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. "அப்பா பாடுதாவ. என்னையக் கூப்பிடல்ல. நீங்க ரொம்பப் பாடுபடாதுங்கம்மா."

வார்டில் கூப்பிடுகிறார்கள் என்று சொல்லி வைத்துவிட்டாள். பாடுபட்டது வீண் என்று அவள் சொல்லவில்லை. ஆனால் அதைத்தான் சொல்கிறாள் என்று எனக்குப் புரிந்தது.

ஸ்பீக்கரில் வந்ததை அவரும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார், அதில் 'என்னையக் கூப்பிடல்ல' என்பது மட்டும்தான் அவருக்குள் போயிருக்க வேண்டும். என்னைப் பார்த்தார். வாயைத் திறந்தார். கண் நிறைந்தது, சத்தம் வரவில்லை. பிறகு இடது கையை நீட்டிப் பிளேயரில் எதையோ தட்டுத் தடுமாறி அமுக்கினார், ரேடியோவைத் திருகினார். பாட்டு முதலிலிருந்து தொடங்கியது. என் கையிலிருந்த போனைப் பிடுங்கி வாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அதையே பார்த்தபடி பாடினார். மகளே என்று வருகிற இடத்தில் தொண்டை கிழியக் கத்தினார். அவள் போனை வைத்துவிட்டாள் என்று நான் அவரிடம் சொல்லவில்லை.