கொழுந்துக் கறை

தொண்ணூறுகளின் நடுவில் வந்த ஒரு தேர்தலில்தான் அம்மாவின் பெயர் முதன்முதலாக வாக்காளர் பட்டியலில் ஏறியது. இலங்கையில் தோட்டத் தமிழர்களுக்கு மறுக்கப்பட்டிருந்த குடியுரிமை கிடைக்கவே அவருக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது. பலாங்கொடைக்கு மேலே நாங்கள் இருந்த தேயிலைத் தோட்டம். காலையில் கொழுந்து பறித்துவிட்டு, மத்தியானம் என்னோடு வாக்குச்சாவடிக்கு வந்தார்.

மேசையிலிருந்த அதிகாரி பட்டியலைப் பார்த்துவிட்டு, இவருடைய வோட்டு ஏற்கெனவே விழுந்துவிட்டது என்று சிங்களத்தில் சொன்னார். நான் அம்மாவிடம் சொன்னேன்.

"நான் இப்பதாங்க வர்றேன்," என்று அம்மா கையை நீட்டிக் காட்டினார்.

அதிகாரி அவருடைய கறுத்த சுண்டுவிரலைச் சுட்டி, வோட்டுப் போட்ட மை இருக்கிறதே என்றார்.

"அது கொழுந்துக் கறைங்க. எல்லா வெரல்லயும் இருக்கு, பாருங்க."

அவர் பார்க்கவில்லை. நான் சிங்களத்தில் கத்தினேன். பொலிஸ்காரர் என்னை வெளியே தள்ளினார். உள்ளே இருந்த கட்சி முகவர்கள் பட்டியலில் அடுத்த பெயரைத் தேடிக்கொண்டிருந்தார்கள். அம்மா வோட்டுப் போடாமலே என் பின்னால் வெளியே வந்தார்.

ஒருவருடைய வோட்டை வேறு யாராவது போட்டுவிட்டால், உரியவருக்குத் தனியாக ஒரு வாக்குச்சீட்டு கொடுக்கவேண்டும் என்று சட்டம் இருக்கிறது. பல வருடங்கள் கழித்துத்தான் எனக்கு அது தெரிந்தது. அந்த அதிகாரிக்கு அன்றே தெரிந்திருக்கும்.

அடுத்த தேர்தலுக்கு அம்மாவைக் கூப்பிட்டேன்.

"நீ போய்யா, எனக்கு வேலை கெடக்கு," என்றார்.