பூவரசன் முடிவைச் சொன்ன நாள்

பசியாவரத்தில் யாருக்காவது பயப்பட ஆசை வந்தால் பூவரசனைத்தான் தேடிக்கொண்டு வருவார்கள். வயசு நாற்பத்தாறு. அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு ஏரியில் இறங்கியவன். சுத்துவலைதான் பிழைப்பு. ஆனால் போனில் எந்தப் பேய்த்தொடர் பார்க்கலாம், எது தண்டம் என்று கேட்டால், செவுளைத் தூக்கிப் பார்த்ததுமே நேத்து மீனா இன்னிக்கு மீனா என்று சொல்கிற மாதிரி சட்டென்று சொல்லிவிடுவான்.

நீட்டி இழுக்கிற சீரியல் அவனுக்கு ஆகாது. "ஆறு வருசமா அதே மாமியா, அதே வெசம், ஒருத்தியும் சாவ மாட்டேன்றா. நமக்கு அது தோதுபடாது" என்பான். அவனுக்கு வேண்டியது வாரத்துக்கு ஒரு கதை. புது ஆள், புது வீடு, புதுப் பேய். முக்கால் மணி நேரத்தில் ஆளை உலுக்கிப் போட்டுவிட்டுப் போய்விட வேண்டும். அந்த மாதிரி எந்தத் தேசத்துத் தொடர் தமிழ்க் குரலோடு வந்தாலும் பார்த்துவிடுவான். அதுகளின் பேர் வாயில் நுழையாது. அதனால் அவனே பேர் வைத்துக்கொண்டான். கதைக்கு முன்னால் ஒருத்தி விளக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வருவாள், அது லாந்தர்க்காரி. கொரியாவில் ஒரு மாடிக் குடியிருப்பு, வாரம் ஒரு வீட்டுக் கதவு திறக்கும், அது கதவு. வங்காளத்தில் ரயில் நிற்காத ஸ்டேஷன் ஒன்று, அதற்குத் தங்கள் பக்கத்து ரயில் ஸ்டேஷன் பேரையே வைத்தான், அனுப்பம்பட்டு. "அதே பெஞ்சுடா, அதே நாயி" என்று சத்தியம் பண்ணுவான்.

ஆளைப் பார்த்துத்தான் கதை கொடுப்பான். புதுசாய்க் கல்யாணம் ஆனவனுக்குக் கதவு கிடையாது. நண்டு வாங்க வரும் சூசையம்மாளுக்கு அனுப்பம்பட்டைக் கொடுத்தான். "உன் வாயில மண்ணு வுழ, ஸ்டேஷன்ல கால வெக்கவே ஒதறுது" என்று திட்டிவிட்டு, அதே மூச்சில், "அடுத்தது இன்னாடா பாக்கலாம்?" என்றாள்.

பேயை முழுசாய்க் காட்டினால் அது மட்டமான தொடர் என்பது அவன் கட்சி. ஒரு கை, ஒரு நிழல், அதோடு நிறுத்த வேண்டும். டமடமவென்று மேளம் அடித்தால் கதையில் சரக்கில்லை என்று அர்த்தம். இவன் சொல்லி யாரும் ஏமாந்ததில்லை. அதில் அவனுக்கு மீசை முறுக்குகிற அளவுக்குப் பெருமை.

ஒரே ஒரு கட்டுப்பாடு. முடிவைச் சொல்ல மாட்டான். பெண்டாட்டி வசந்தா பாதியில் தூங்கிவிட்டுக் காலையில் கேட்டாலும் சொல்ல மாட்டான். "நீயே பாரு. வாயால சொன்னா அது ஆறிப்போன கொழம்பு."

அந்தப் பிடிவாதம்தான் அவன் பாட்டுக்கே உலை வைக்கப் பார்த்தது.

பாடு என்றால் முறை. ஏரியில் இறால் ஓடுகிற நல்ல இடங்களை ஊர் கூடிச் சீட்டுப் போட்டு வீடுகளுக்குப் பிரித்துவிடும். முறை வருகிற நாளில் அந்த இடம் அந்த வீட்டுக்கு. தொடர்ந்து மூன்று முறை ஒரு வீடு வலை கட்டவில்லையென்றால் இடம் கைமாறும், காத்திருக்கிற அடுத்த வீட்டுக்குப் போய்விடும். பூவரசனுக்கு அப்பன் வழியில் வந்த இடம் முகத்துவாரத்துக்குப் பக்கம், ஊரே பொறாமைப்படும் இடம். அதற்கு அடுத்துக் காத்திருந்தவன் நாகப்பன்.

சாயங்காலம் படகுகள் கிளம்புவதற்கு முன்னால் கரையில் ஒரு சடங்கு மாதிரி நடக்கும். அதற்கென்று ஊர் வைத்த ஆள் சடையன் நின்று ஒவ்வொரு படகின் இடத்தையும் கூவுவான். கூவிவிட்டு உள்ளே இருக்கிற தலைகளை எண்ணிச் சொல்லுவான். படகுக்கு ரெண்டு தலை. கூட ஒரு ஆள் ஏறினால் அடுத்தவன் பங்கில் கை வைத்ததாக ஆகும். அவன் எண்ணிச் சொன்ன பிறகுதான் கழி ஊன்றலாம்.

பூவரசனின் கூட்டாளி வசந்தாவின் தம்பி ஜெகதீஸ்வரன். கழி ஊன்றுவது மாமன், முன்னால் உட்கார்ந்து கயிறு பிடிப்பது மச்சான். ஆள் மலை மாதிரி இருப்பான். அவனுக்குத்தான் பூவரசன் லாந்தர்க்காரியில் ஒரு கதையைக் கொடுத்தான். "இத வுடாத ஜெகா. வந்ததுலயே இதான் டாப்பு."

பனி கொட்டுகிற ஊர். அகலமான ஆறு. ஒரு படகோட்டி ஒரே ஒரு ஆளை ஏற்றிக்கொண்டு போகிறான். அக்கரையில் துறைக்காரக் கிழவன் படகைப் பார்த்து எண்ணுகிறான். "மூணு பேர்." மறுநாளும் அப்படித்தான். ரெண்டு பேர் போனால் மூணு, மூணு பேர் போனால் நாலு. எப்போதும் ஒரு தலை கூட. யார் அந்த ஆள்? பாதிக் கதையில் ஜெகா போனைக் கவிழ்த்து வைத்துவிட்டான்.

வேறு ஊர்க்காரன் என்றால் ரெண்டு நாளில் மறந்திருப்பான். ஜெகாவுக்கு எப்படி மறக்கும்? இங்கேயும் கரையில் ஒருத்தன் நின்றுகொண்டு தலையை எண்ணுகிறானே. அடுத்த பாட்டுக்குக் காய்ச்சல் என்று போர்த்திக்கொண்டு படுத்தான். அதற்கடுத்த பாட்டுக்கு ஆளே இல்லை. மீஞ்சூரில் ஒரு சிநேகிதன் அறையில் பதுங்கிக்கொண்டு, கம்பெனி வேலைக்குப் போகிறேன் என்று சொல்லி அனுப்பினான். வேறு ஆளை ஏற்றலாம் என்றால், அவரவருக்கு அவரவர் படகு இருக்கிறது.

மூணாவது முறை வந்தது. அன்றைக்குக் காலையிலிருந்து பூவரசனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. வலையை உதறினான், மடித்தான், மறுபடி உதறினான். கழியைச் சுரண்டினான். டீயை வாங்கி வைத்துவிட்டுக் குடிக்க மறந்து நடந்தான். வாடைக் காற்று வேறு அடித்துக்கொண்டிருந்தது. வாசலில் நின்று தண்ணீரைப் பார்ப்பான், உள்ளே போவான், செருப்பைக் கழற்றாமலே திரும்பி வருவான். போனை எடுத்தாலும் கை எந்தக் கதையையும் தொடவில்லை.

மத்தியானம் வசந்தா மீஞ்சூரிலிருந்து தம்பியை இழுத்துக்கொண்டு வந்து சேர்ந்தாள். ரயில் பூராவும் திட்டிக்கொண்டே வந்தது அவள் குரலில் தெரிந்தது.

"இந்தா உன் கூட்டாளி. பேய்க்குப் பயந்துக்கினு பேன்ட்டு போட்டுக்கினு திரியறான். நீ ஒருத்தன், ஊருக்கெல்லாம் பேய வித்துக்கினு. ரெண்டு பேரையும் ஒரே சாக்குல கட்டி ஏரில போடணும்."

"அக்கா, பயம்லாம் இல்லக்கா..."

"கம்முனு கெட. லுங்கிய மாத்து."

கரைக்கு வந்தபோது வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. படகுகள் வரிசையாய் நின்றன. ஊர்ப் பெரியதனக்காரர் தேசப்பன் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நாகப்பன் தன் படகில் வலையைத் தயாராய் ஏற்றி வைத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவன் மாதிரி காது குடைந்துகொண்டிருந்தான். ஜெகா முன்பலகையில் உட்கார்ந்து கண்ணை இறுக்கி மூடிக்கொண்டான். பூவரசன் கழியைப் பிடித்து நின்றான்.

சடையன் ஒவ்வொன்றாய்க் கூவி வந்தான். ரெண்டு. ரெண்டு. ரெண்டு. பூவரசன் படகுக்கு முன்னால் வந்ததும் அவன் வாய் ஓரத்தில் ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்தது. அவனும் அந்தக் கதையைப் பார்த்திருந்தான், கடைசி வரைக்கும்.

"முகத்துவாரத்து மேக்கால இடம், பூவரசன் படகு" என்று இழுத்து, "மூணு!" என்றான்.

கரை கொல்லென்று சிரித்தது. ஜெகா சிரிக்கவில்லை. அந்த மலை ஒரே எம்பு எம்பி முழங்கால் தண்ணீரில் விழுந்து, எழுந்து, மணலில் ஓடி வசந்தாவுக்குப் பின்னால் போய் நின்றது.

"தல எறங்கிட்ச்சி" என்றான் நாகப்பன். காதிலிருந்து விரலை எடுத்திருந்தான். "மூணாவது தபா. எல்லாரும் பாத்தீங்க இல்ல?"

சடையன் முகம் சுண்டிப்போனது. "அட, நான் சும்மா தமாசுக்கு..."

"தமாசு உன் வூட்ல. பாட்டுல இன்னா தமாசு?"

தேசப்பன் சவுக்குத் தோப்பைப் பார்த்தார். "பொழுது அந்தத் தோப்புக்கு மேல கீது. அது எறங்கறதுக்குள்ள ஒன் ஆள ஏத்திக்க பூவரசா. இல்லன்னா எடம் நாகப்பனுக்கு. என்னால வேற ஒண்ணும் சொல்ல முடியாது."

பூவரசன் கழியை ஊன்றிவிட்டு இறங்கி வந்தான். கெஞ்சினான். அது கதைடா என்றான். பனி கொட்டற ஊருடா, நம்ம ஊர்ல பனி கொட்டுமாடா என்றான். அடிக்கக் கையை ஓங்கினான். ஜெகா அக்கா முதுகுக்குப் பின்னாலிருந்தே பேசினான்.

"அந்த மூணாவது ஆளு யாரு மாமா? அத மட்டும் சொல்லு, ஏறிக்கறேன். பாக்கறதுக்கு எனக்கு தில்லு இல்ல. நீ வாயால சொல்லு."

பூவரசன் முடிவைச் சொல்ல மாட்டான் என்று எல்லோருக்கும் தெரியும்.

பூவரசனுக்குச் சொல்லக்கூடாது என்கிற வீம்பு ஒரு பக்கம். அதைவிடப் பெரிய சிக்கல், அந்த முடிவு. மூணாவது ஆள் வேறு யாருமில்லை, படகோட்டியின் கூட்டாளி. ஒரு பனிக்காலத்தில் படகு கவிழ்ந்தபோது படகோட்டி தான் மட்டும் கரையேறி, கயிறு பிடித்து முன்னால் உட்கார்ந்திருந்தவனை நடு ஆற்றில் விட்டுவிட்டான். செத்தவன் இன்னும் அதே பலகையில், அதே கயிற்றோடு உட்கார்ந்து வந்துகொண்டிருக்கிறான். இதைச் சொன்னால் ஜெகா இந்த ஜென்மத்தில் அந்தப் பலகையில் உட்காருவானா? மீஞ்சூர் இல்லை, காசிக்கே ஓடிவிடுவான்.

வெயில் தோப்பின் தலையைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"மூணாவது ஆளே கெடையாதுடா" என்றான் பூவரசன்.

"அப்ப?"

"அந்தக் கெழவன் கீறான் இல்ல, துறைக்காரன். அவனுக்குக் கண்ணுல பூ வுழுந்துகீது. படகோட்டி கம்பளிய மூட்டையாக் கட்டி ஓரமா வெச்சிருப்பான். அது அவனுக்கு ஆளாட்டம் தெரிஞ்சிச்சி."

"அப்பால?"

"அப்பால... டாக்டர்கிட்ட போயி கண்ணாடி போட்டுக்கினான். செரியாப் போச்சி."

கரை மொத்தமும் அவன்மேல் பாய்ந்தது.

"கண்ணாடியா? தூ!"

"இதுக்கா வந்ததுலயே டாப்புன்னு பீத்திக்கினு திரிஞ்ச?"

"பாதி பாத்ததுக்கே என் தூக்கம் போச்சேடா சோமாரி, கண்ணாடிக்காடா போச்சி?"

"இனிமே இவன் பேச்ச கேட்டு எவனாவது பாப்பானா?"

பூவரசன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். காது மடல் ரெண்டும் எரிந்தது. அது ஒன்றாம் நம்பர் கதை. அந்தக் கடைசிக் காட்சியில் ஈரக் கயிறு மட்டும் தெரியும், ஆளைக் காட்டவே மாட்டார்கள். அதைப் போய்க் கண்ணாடிக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனோமே என்று நாக்கைக் கடித்தான்.

ஜெகா பாதி நம்பி, பாதி நம்பாமல் அக்கா முதுகை விட்டு வெளியே வந்தான். "சடையண்ணே, நீதான் பாத்தியே. அதான் முடிவா?"

எல்லோரும் சடையனைப் பார்த்தார்கள். நாகப்பனும் பார்த்தான். சடையன் தலையைச் சொறிந்தான், தோப்பைப் பார்த்தான், பூவரசனைப் பார்த்தான்.

"அதான்" என்றான். "கேவலம். அத்த பாத்துட்டு எனக்கு சோறே எறங்கல."

"சே!" என்றான் ஜெகா. அந்த ஒரு சொல்லோடு பயம் மொத்தமும் அவனை விட்டு இறங்கியது. லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு போய்ப் படகில் ஏறி, கயிற்றை எடுத்து மடியில் போட்டுக்கொண்டான். பூவரசன் பின்னாலேயே ஓடி ஏறினான்.

"ரெண்டு!" என்று சடையன் கூவினான். ஊருக்கே கேட்கிற மாதிரி கூவினான்.

நாகப்பன் தன் வலையை இறக்க ஆரம்பித்தான்.

வசந்தா கரையில் நின்று, "போய்ட்டு வாங்க கண்ணாடிக்காரே!" என்று கத்தினாள். அந்தப் பேர் நிலைத்துவிடும் என்று பூவரசனுக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

படகு கரையை விட்டு நகர்ந்தது. ஜெகாவின் வாய் மூடவில்லை. "இன்னா மாமா, நீ இத்த போயி நல்ல கதைன்னு சொன்னியே. ஒரு பேயி இல்ல, ஒண்ணியும் இல்ல. நானே இத்தவிட நல்லா எடுப்பேன். உனக்கு டேஸ்ட்டே இல்ல மாமா."

பூவரசன் கழியை ஓங்கி ஊன்றினான். சேறு கலங்கியது. நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. டேய், கேளுடா, உண்மையான முடிவு இன்னா தெரியுமா என்று ஆரம்பித்தால் இந்தப் பயல் அப்படியே உறைந்துபோவான். உதட்டை மடித்துக் கடித்துக்கொண்டான். இடம் வந்து, கழிகளை நட்டு, வலையைக் கட்டி முடிக்கிற வரைக்கும் ஜெகா அந்தப் படகோட்டியைக் கிண்டல் பண்ணிக்கொண்டே இருந்தான். கம்பளி மூட்டை மாதிரி உடம்பைக் குறுக்கி நடித்துக்கூடக் காட்டினான்.

வலை நின்றுவிட்டது. இன்றைக்கு இனிமேல் பயலால் எங்கேயும் ஓட முடியாது. நாலா பக்கமும் தண்ணீர்.

"டேய் ஜெகா."

"இன்னா மாமா?"

முன்பலகையில் அவன் கால் நீட்டி, கயிற்றை மடியில் சுருட்டி வைத்துக்கொண்டு சுகமாய் உட்கார்ந்திருந்தான். பூவரசன் வாயைத் திறந்தான். அடுத்த முறை பாடு வரும். அதற்கப்புறமும் வரும். ஒவ்வொரு முறையும் இந்தப் பலகையில் இந்தப் பயல் உட்கார்ந்தாக வேண்டும்.

"ஒண்ணியும் இல்ல" என்றான். "கயித்த இன்னும் கொஞ்சம் இறுக்கிக் கட்டு."