ஒன்பது கிணற்றுத் தண்ணீர்

நான் எட்டாம் வகுப்பு படித்தபோது, கோயமுத்தூர் பீளமேட்டில் ஒரு கல்லூரியில் பள்ளிப் பிள்ளைகளுக்கு அறிவியல் கருத்தரங்கு நடத்தினார்கள். தொண்ணூறுகளின் நடுப்பகுதி. தாமாக ஒன்றை ஆராய்ந்து அதை மேடையில் ஆறு நிமிடத்துக்குள் சொல்ல வேண்டும். ஐந்தாம் நிமிடம் ஒரு மணி, ஆறாம் நிமிடம் இன்னொரு மணி. அதற்குமேல் வாயைத் திறந்தால் மார்க் போய்விடும்.

நான் எடுத்துக்கொண்டது தண்ணீர். ஈரோட்டுக்குப் பக்கத்திலிருந்த எங்கள் ஊரின் ஒன்பது கிணறுகளிலும் ஒவ்வொரு லிட்டர் எடுத்து, வாணலியில் வற்றக் காய்ச்சி, அடியில் தங்கிய உப்பைச் சுரண்டி, நகைக்கடைத் தராசில் நிறுத்தேன். முதலில் முறைத்த கடைக்காரர் மூன்றாவது பொட்டலத்திலிருந்து தானே ஆவலாகிவிட்டார். எங்கள் கிணற்று உப்புதான் எடை அதிகம். பந்தயத்தில் ஜெயித்ததுபோல வீட்டுக்கு ஓடிவந்து சொன்னேன். அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். "அப்புடியா கண்ணு" என்ற அம்மா அடுப்பின் பக்கம் திரும்பிக்கொண்டாள். அந்த வருடம் எங்கள் மஞ்சள் பயிர் நுனி கருகிக் கிடந்தது.

பன்னிரண்டு பக்கம் எழுதி மனப்பாடம் செய்தேன். ஒப்பித்துப் பார்த்தால் பதினான்கு நிமிடம். உலகத்திலுள்ள கடல்களையெல்லாம் சுற்றிவிட்டு எங்கள் ஊர்க் கிணற்றுக்கு வருவதற்குள் இரண்டு மணியும் அடித்துவிடும். கேட்டுச் சொல்ல ஆள் வேண்டுமென்று மாமாவைப் பிடித்தேன். அம்மாவின் அண்ணன்; ஊர் மேட்டில் சாயப்பட்டறை வைத்திருந்தார். ஏழாவதோடு படிப்பை நிறுத்தியவர். இரண்டு நாள் எதிரே உட்கார்ந்து கேட்டார். விளங்காத இடத்தில் பள்ளிக்கூடப் பையன்போலக் கையைத் தூக்குவார். "இதென்னுங்க அம்மணி, எனக்கு ஒண்ணும் பிடிபடல" என்பார். அவர் கை தூக்கிய இடங்களையெல்லாம் அடித்துக்கொண்டே போனதில் பன்னிரண்டு பக்கம் மூன்றாயிற்று.

மூன்றாம் நாள், கடைசியில் காட்டுவதற்காக வரைந்திருந்த ஊர்ப் படத்தை விரித்தேன். கிணறுகள் புள்ளிகள்; உப்பு கூடக்கூடப் புள்ளி பெரிது. பெரிய புள்ளிகள் ஐந்தும் ஓடைக்கரையில் வரிசையாக நின்றன. மாமா கையைத் தூக்கவில்லை. குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இது உங்க கெணறுங்களா?"

"ஆமாங்க மாமா."

"ஓடை எங்க ஆரம்பிக்குதுன்னு போடலையே கண்ணு."

என் பென்சிலை வாங்கி, ஓடையின் தலைமாட்டில் ஒரு சின்னக் கட்டம் போட்டார். அவருடைய பட்டறை. "படத்த மொதல்லயே காட்டிப்போடு. கடைசீல காட்டுனா மணி அடிச்சுப்போடுவாங்க."

தன் பட்டறையைக் கோயமுத்தூர்க்காரர்கள் பார்க்க வேண்டுமென்று மாமாவுக்கு ஆசை என்று நினைத்தேன். அந்தக் கட்டத்துக்கு நல்ல சிவப்பாக வண்ணமும் அடித்தேன்.

கருத்தரங்குக்கு மாமாதான் பஸ்ஸில் கூட்டிப்போனார். மேடையேறினேன். மூன்றாவது வரிசையிலிருந்த அவர் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டு பேசினேன். படத்தை முதலில் காட்டினேன். இரண்டாவது மணிக்கு முன்பே முடித்துவிட்டேன். நடுவர்களில் ஒரு பேராசிரியை கேட்டார்: "அந்தச் சிவப்புக் கட்டம் என்னம்மா?"

"எங்க மாமாவோட சாயப்பட்டறைங்க. சாயத்தண்ணி அங்கிருந்துதான் ஓடைக்கு வருதுங்க. மாமா அதோ உக்காந்திருக்காருங்க" என்று பெருமையாகக் கையையும் நீட்டினேன்.

அரங்கமே திரும்பிப் பார்த்தது. மாமா எழுந்து, ஒரு கும்பிடு போட்டுவிட்டு உட்கார்ந்தார்.

எனக்கு இரண்டாம் பரிசு. ஊர் திரும்பியதும் மாமா எங்கள் வீட்டுக்குள் வரவில்லை. வாசலில் நின்றபடியே, "மாப்ள, கெணத்து வரைக்கும் போயிட்டு வரலாம், வாங்க" என்று அப்பாவைக் கூப்பிட்டார். இருவரும் ஒரு வருடமாகச் சரியாகப் பேசிக்கொண்டதில்லை. கிணறு எதனால் கெட்டது என்பது அப்பாவுக்கு முன்பே தெரியும். பெண் கொடுத்த வீட்டில் அதை எப்படிக் கேட்பது என்று அடக்கிக்கொண்டிருந்திருக்கிறார். அம்மாவும் இரண்டு பக்கமும் பேச முடியாமல் இருந்திருக்கிறாள். இதெல்லாம் நான் பெரியவளான பிறகு தெரிந்துகொண்டது. அடுத்த வருடம் மாமா பாதி வேலையைக் குறைத்துக்கொண்டு, கழிவுநீருக்குத் தொட்டி கட்டினார். ஆனால் எங்கள் கிணறு தேறவில்லை.

அன்று சமையலறை ஜன்னல் வழியே, கிணற்று மேட்டில் இருவரும் நிற்பது தெரிந்தது. அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே அவர்களைப் பார்த்தாள். நான் முதல் பரிசு வாங்காததற்குத்தான் அழுகிறாள் என்று நினைத்து அவள் கையைப் பிடித்தேன்.

"அழுவாதீங்கம்மா, அடுத்த வருசம் வாங்கிப்போடறேன்."