அக்கா பேச வைத்ததாக ஊர் சொல்லும் பிள்ளையைப் பற்றி

ஐயனாரப்பனை மனதில் நிறுத்திக்கொண்டு இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். எங்கள் அக்கா இறைவனடி சேர்ந்த முதல் வருடமே நினைவு மலர் போட வேண்டும் என்று சொந்தக்காரர்கள் கேட்டார்கள். நான்தான் தள்ளிக்கொண்டே வந்தேன். ஆட்டோவுக்கு எஃப்.சி., மகள் கல்யாணம், மழைக்காலம் என்று வருடத்துக்கு ஒரு காரணம் சொன்னேன். உள்ளே இருந்த காரணம் வேறு. கேட்டவர்கள் எல்லோரும் போகும்போது, "ஊமைப் புள்ளைய உங்க அக்கா பேச வெச்சாங்களே, அத மறந்துடாத, நல்லா பெருசா எழுது" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அதை எழுத எனக்குக் கை வரவில்லை. எழுதாமல் விட்டால் கூடப் பிறந்தவனே அக்காவின் பெருமையை மறைத்துவிட்டான் என்பார்கள். இதற்கு நடுவில் வருடங்கள் ஓடிவிட்டன. நான் பத்தாவது தேறாதவன். எழுத்தில் பிழை இருந்தால் பெரியவர்கள் மன்னிக்க வேண்டும். விஷயத்தில் பிழை வராமல் பார்த்துக்கொள்கிறேன்.

அக்கா பிறந்தது மரக்காணம் உப்பளத்தை ஒட்டிய எங்கள் தெருவில். அப்பாவும் அம்மாவும் உப்பளக் கூலிகள். விடியும் முன்னே உப்பு வாரப் போய்விடுவார்கள். என்னை இடுப்பில் வைத்து வளர்த்தது அக்காதான். மழைக்காலத்தில் உப்பளம் தண்ணீரில் முழுகிவிடும், கூலி கிடையாது. அந்த மாதங்களில் கஞ்சியைக் குடித்துவிட்டுத்தான் அக்கா பள்ளிக்கூடம் போனார். எங்கள் தெருவில் ஆசிரியர் பயிற்சி முடித்த முதல் பெண் அவர். ஆனாலும் நிரந்தர வேலை வரவில்லை. மாமாவைக் கல்யாணம் செய்துகொண்டு பல வருடம் வீட்டில் இருந்தார். கடைசியில் அரசுப் பள்ளியில், மாற்றுத்திறனாளிச் சிறு குழந்தைகளுக்கான வகுப்பில் தற்காலிக வேலை கிடைத்தது. சேவை செய்யப் போனார் என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். கிடைத்த வேலைக்குத்தான் போனார். போன பிறகு விட முடியவில்லை.

பள்ளியின் பின்பக்கம், சத்துணவுக்கூடத்துக்கு அடுத்த அறை. மூன்று வயதிலிருந்து ஐந்து வயதுவரை உள்ள பிள்ளைகள். கழுத்து நிற்காத பிள்ளை, காது கேட்காத பிள்ளை, கூப்பிட்டால் திரும்பாமல் சுவரையே பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளை. உதவிக்கு ஆள் போடுவதாகச் சொன்னார்கள். சில மாதம் ஆள் இருக்கும், பல மாதம் இருக்காது. தூக்குவது, கழுவுவது, துணி மாற்றுவது, ஊட்டுவது எல்லாம் அக்காவே. காலையில் என் ஆட்டோவில்தான் போவார். வழியில் இருக்கிற பிள்ளைகளையும் ஏற்றிக்கொள்வோம். திரும்பி வரும்போது அக்கா பேசவே மாட்டார். "டேய், பாட்ட நிறுத்துடா. காதுக்குள்ள இன்னும் அழுவுதுங்க" என்பார், அவ்வளவுதான். முன்கையில் எப்போதும் ஏதாவது ஒரு பிள்ளையின் பல் தடம் இருக்கும். தரையிலேயே உட்கார்ந்து முட்டி மடங்காமல் போனது. வீட்டுக்கு வந்தால் இடுப்புக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு படுத்துவிடுவார்.

இனி எல்லோரும் பேசுகிற அந்தப் பிள்ளைக்கு வருகிறேன். அவன் பெயர் சரண். அவன் அம்மா செல்வி, உப்பளத்தில் வேலை செய்கிறவள். செல்வியிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "நடந்தத நடந்த மாதிரி எழுதுங்கண்ணே" என்றாள்.

சரண் வகுப்புக்கு வந்தபோது முகமே தெரியாது. நெற்றி, கண், தோள் எல்லாம் முடி. அக்கா முதல் நாளே கேட்டார்.

"இன்னா செல்வி இது, புள்ளைக்குக் கண்ணே தெரியல. வெட்டி விடேன்."

"ஐயோ டீச்சர், வேண்டுதல் முடி. அவன் வாயத் தொறந்து பேசினாத்தான் ஐயனாரப்பனுக்கு இறக்கணும். கத்திரி பட்டா குத்தமாயிடும்."

"சரி, கட்டியாவது விடு."

"பொட்டப் புள்ளன்னு கிண்டல் பண்றானுங்க டீச்சர்."

"நான் கட்றேன். எவன் கிண்டல் பண்றான்னு பாக்கறேன்."

பிள்ளையை வகுப்புக்கு அனுப்பவே செல்விக்குப் பயமாக இருந்தது. சாமியிடம் கேட்டுவிட்டு டீச்சரிடமும் கேட்டால், சாமியை நம்பவில்லை என்று ஆகிவிடாதா என்றாள். அக்கா சொன்னார்: "போன மாசம் உன் வீட்டுக்காரர் கால்ல ஆணி குத்துச்சே. சாமியும் கும்புட்ட, ஊசியும் போட்ட. ஐயனாரப்பன் கோச்சிக்கினாரா?" செல்வி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மறுநாளிலிருந்து பிள்ளை வந்தான்.

தினமும் காலையில் அக்கா அவன் முடியை உச்சியில் கட்டுவார். அவன் பிய்த்துப் போடுவான். வெயில் காலத்தில் பிடரியெல்லாம் வேர்த்துப் புண்ணாகும், அவன் தலையைச் சுவரில் இடித்துக்கொள்வான். தேங்காயெண்ணெய் தடவுவதைத் தவிர வேறு வழி இல்லை.

அவனுக்கு வேண்டியதைக் கேட்கத் தெரியாது. தாகம் என்றாலும் அழுகை, பசி என்றாலும் அழுகை. அக்கா அவன் வீட்டு நீல டம்ளரை செல்போனில் படம் பிடித்து, ஸ்டூடியோவில் அட்டை போட்டு, வகுப்புக்கு ஒன்றும் வீட்டுக்கு ஒன்றுமாக வாங்கி வந்தார். அந்தப் படத்தை எடுத்துக் கையில் கொடுத்தால் தண்ணீர் என்று பழக்க வேண்டும். அதற்கு எதிரில் ஒரு ஆள், பின்னால் ஒரு ஆள் தேவை. உதவிக்கு ஆள் இல்லாத நாட்களில் என்னை உட்கார வைத்தார். நான் எதிரில் டம்ளரோடு. அக்கா பின்னால் உட்கார்ந்து அவன் முழங்கையைப் பிடித்து, படத்தை எடுக்க வைத்து, என் கையில் கொடுக்க வைப்பார். அவன் தொண்டை கிழியக் கத்துவான். எனக்குப் பொறுக்காது.

"பாவங்க்கா, குடுத்துடறேன்."

"குடுத்தன்னா ஆட்டோவ நீயே தள்ளிக்கினு போ, நான் வரமாட்டேன். படம் கைக்கு வரட்டும், அப்புறம் குடு."

இப்படியே மாதக்கணக்கில் நடந்தது. உப்பு வாரும் காலம் முடிந்து மழை வந்தது, மறுபடியும் உப்பு வாரும் காலம் வந்தது. அக்கா பிடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினார். ஒருநாள் படத்தை எடுத்துக் கொடுப்பான், மறுநாள் எல்லாவற்றையும் மறந்தவன் போல் கிடப்பான். "எனக்கே சலிச்சுப் போச்சுடா" என்று அக்கா சொன்னதைக் கேட்டிருக்கிறேன். மறுநாளும் அவன் பின்னால் போய் உட்கார்ந்தார்.

ஒரு மதியம் செல்வி உப்பளத்திலிருந்து நேராகப் பள்ளிக்கு ஓடி வந்தாள். காலெல்லாம் உப்பு பூத்திருந்தது.

"டீச்சர்! நேத்து வீட்ல அந்தப் படத்தக் கொண்டாந்து எங்கையில குடுத்தான் டீச்சர். அவனா எந்திரிச்சு வந்து குடுத்தான்!"

அக்கா படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பிறகு செல்வி மெதுவாகக் கேட்டாள்: "அப்ப அவன் பேசிட்டான்னு வெச்சிக்கலாமா டீச்சர்? முடி இறக்கலாமா?"

நான் ஆட்டோ பக்கத்தில் நின்றிருந்தேன். ஆமாம் என்று சொல்லிவிட்டால் பிள்ளைக்கு அந்த முடியின் புழுக்கத்திலிருந்து விடுதலை. அக்கா சொன்னார்: "பேசல செல்வி. இனிமே பேசுவானான்னும் எனக்குத் தெரியல. பேசாமயே போனாலும் போகலாம். வேணுங்கறதக் கேட்டான். அது நெசம்."

"நீங்க ஒரு வார்த்த சொன்னா எங்க மாமியாரு ஒத்துக்குவாங்க டீச்சர்."

"சாமிக்கு வெச்ச வேண்டுதல்ல நான் எப்படிம்மா பொய் சொல்றது?"

செல்வி முகம் வாடிப் போனாள். அடுத்த வாரம் சரண் மொட்டைத் தலையில் சந்தனத்தோடு வந்து இறங்கினான். அக்கா திகைத்துப் போய்ச் செல்வியைப் பார்த்தார்.

"நானே ஐயனாரப்பன் முன்னாடி போய் நின்னேன் டீச்சர். 'வாயால குடுன்னு கேட்டேன், நீ கையால குடுத்த. எடுத்துக்கினேன். முடிய நீ எடுத்துக்க, மீதிய அப்புறம் பேசிக்கலாம்'னு சொல்லிட்டேன்."

அன்று ஆட்டோவில் வீடு வரைக்கும் அக்கா சிரித்துக்கொண்டே வந்தார். "சாமிகிட்டயே பேரம் பேசிட்டாடா!" என்றார். அவர் அப்படிச் சிரித்து நான் அதிகம் பார்த்ததில்லை.

தவறு அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது. சரணின் வேண்டுதல் ஊருக்கே தெரியும். மொட்டையைப் பார்த்தவர்கள் பிள்ளை பேசிவிட்டான் என்று முடிவு கட்டிக்கொண்டார்கள். செல்வியை ஒருவரும் கேட்கவில்லை. தெருவில் அவன் வாய் திறக்காமல் போவதைப் பார்த்தும், "டீச்சர்கிட்ட மட்டுந்தான் பேசுவான்" என்று அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்தார்கள். கீழ்புத்துப்பட்டு, பெரிய முதலியார்சாவடி என்று எங்கெங்கிருந்தோ பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி வந்தார்கள். அக்கா ஒவ்வொருவரிடமும் உள்ளதைச் சொன்னார். "பெரிய மனசு, சொல்லிக்க மாட்டாங்க" என்று அவர்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள். பிள்ளைகளைத் தூக்கியதைவிட இதைச் சொல்லிச் சொல்லித்தான் அக்கா அதிகம் களைத்துப் போனார்.

அப்படி வந்ததில் ஒரு பெண் குழந்தை. உட்கார முடியாது. மாமா தச்சு வேலை செய்கிறவர். அவர் அந்தக் குழந்தைக்கென்று பக்கத்தில் அணைப்பு வைத்து ஒரு நாற்காலி செய்து கொடுத்தார். சில மாதத்தில் அதில் நிமிர்ந்து உட்கார்ந்து, கரண்டியைப் பிடித்துத் தானே சாப்பிட ஆரம்பித்தாள். பேச்சு வரவில்லை. அவள் அப்பா வந்து, "அந்தப் பையன பேச வெச்சீங்க, எம் பொண்ணுக்கு மட்டும் இன்னா கொறச்சல்?" என்று சத்தம் போட்டுவிட்டுத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

கொஞ்ச நாள் கழித்து நானும் அக்காவும் அவர்கள் வீட்டுக்குப் போனோம். குழந்தை பாயில் மல்லாந்து கிடந்தாள். அப்படியே படுக்க வைத்து வாயில் கஞ்சி ஊற்றினார்கள். நாற்காலி வெளியில் கிடந்தது. "பேச வெக்கறேன்னு சொல்லுங்க, நாளைக்கே அனுப்பறோம்" என்றார் அப்பா. அக்கா எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அந்த ஒரு வார்த்தையை மட்டும் அவரால் சொல்ல முடியவில்லை. திரும்பும் வழியில் என்னிடம் கேட்டார்: "ஒரு பொய் சொல்லியிருந்தா அந்தப் புள்ள ஒக்காந்து சாப்பிட்டிருக்கும். சொல்லியிருக்கலாமாடா?"

பிறகு அக்காவுக்குச் சிறுநீரகம் கெட்டுப் போனது. புதுச்சேரிக்கு ரத்தம் சுத்தம் செய்யப் போய் வந்துகொண்டே, முடிந்த நாட்களில் வகுப்புக்கும் போனார். ஆஸ்பத்திரியில் ஒரு அம்மா அவரை அடையாளம் கண்டு, "பேச வெக்கிற டீச்சர்தானே நீங்க?" என்று கட்டில் பக்கத்தில் வந்து நின்றார். கையில் ஊசியோடு படுத்திருந்த அக்கா கண்ணை மூடிக்கொண்டு, "நீ சொல்லுடா" என்றார். நான் உள்ளதைச் சொன்னேன். அந்த அம்மா நம்பினாரா என்று தெரியாது. அந்த மாதமே, ஒரு வெள்ளிக்கிழமை காலை, அக்கா ஐயனாரப்பன் காலடியில் சேர்ந்தார். சரண் இப்போது அதே பள்ளியில் பெரிய வகுப்பில் இருக்கிறான். படங்கள் நிறையத் தெரியும். பேச்சு வரவில்லை. முடி வெட்டப் போனால் சலூனில் அடம் பிடிக்கிறான்.

அக்காவின் வகுப்புக்கு இப்போது ஒரு சின்னப் பெண் டீச்சராக வந்திருக்கிறார். அவரும் என் ஆட்டோவில்தான் வருகிறார். போன மாதம் அழுகிற குரலில் சொன்னார்: "அண்ணே, உங்க அக்கா பேச வெச்சாங்களாம், எனக்கு வேலையே தெரியலயாம். ரெண்டு பேரு புள்ளைய நிறுத்திட்டாங்கண்ணே." அன்று சாயங்காலமே பேனாவை எடுத்துவிட்டேன்.

பிள்ளைகளுக்கு நாற்காலி செய்து கொடுத்த மாமாவுக்கும், சோற்றைக் குழைய வடித்துத் தனியாக எடுத்து வைத்த சத்துணவுக்கூடத்து அம்மாவுக்கும், கடைசி நாட்களில் முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்ட நர்ஸ் பெண்களுக்கும், மழையில் நனைந்துகொண்டு கடைசிப் பயணத்தில் அக்காவைத் தூக்கி வந்த எங்கள் தெருப் பிள்ளைகளுக்கும், இதை எழுதச் சம்மதித்த செல்விக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

இந்த மலரைக் கையில் வாங்கும் உங்களிடம் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். இதை நாலு பேரிடம் சொல்லுங்கள், ஆனால் ஒரு வார்த்தை கூட்ட வேண்டாம். அக்கா எந்தப் பிள்ளையையும் பேச வைக்கவில்லை. ஒரு பிள்ளைக்குத் தண்ணீர் கேட்கக் கற்றுக்கொடுத்தார். அதற்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. யாராவது ஒரு தாய் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து, அந்த வகுப்பில் விட்டால் பேசுவானா என்று உங்களைக் கேட்டால், தெரியாதும்மா என்று சொல்லுங்கள். உட்கார வைப்பார்கள், தன் கையால் சாப்பிடப் பழக்குவார்கள், விட்டுவிட்டு வா என்று சொல்லுங்கள்.

தம்பி