வாய் முந்திய ஸ்தோத்திரம்

எங்கள் சபையில் எதற்கும் ஒரே பதில்தான்: ஸ்தோத்திரம். பஸ் உடனே வந்தால் ஸ்தோத்திரம். வராவிட்டால், நடக்கக் கால் இருக்கிறதே, அதற்கு ஸ்தோத்திரம். போனை எடுத்தால் ஹலோவுக்குப் பதிலும் அதுதான். வெந்நீரைக் காலில் கொட்டிக்கொண்ட ஓர் அக்கா "ஐயோ ஸ்தோத்திரம்!" என்று அலறியதை நானே கேட்டிருக்கிறேன். கண்ணில் நீர் வரச் சிரித்தேன். எனக்கும் அதே வியாதிதான் என்பது அப்போது தெரியாது.

எனக்கு அந்த வார்த்தை மருந்தாகத்தான் வந்தது. நான் பொல்லாத கோபக்காரி. கண்டியில் ஓர் அரசாங்கக் கந்தோரில் கோப்பு எழுதுகிற இலிகிதர் வேலை. என் மேசைப் பக்கம் வருவதற்கு ஆட்கள் யோசிப்பார்கள். வீட்டில் சட்டி பானைக்குக்கூட என்னிடம் பயம். இருபத்தைந்து வயதில் ஞானஸ்நானம் எடுத்தபோது பாஸ்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "கோவம் வர்றப்ப வாயில வேற ஒண்ணும் வரக்கூடாது. ஸ்தோத்திரம்னு மட்டும் சொல்லிப் பழகுங்க" என்றார். நல்ல மனதோடு சொன்னதுதான். நானும் விடாப்பிடியாகப் பழகினேன். கோபம் நெஞ்சிலிருந்து கிளம்பி வாய்க்கு வருவதற்குள் அந்த வார்த்தை முந்திக்கொண்டு போய்க் கதவைச் சாத்திவிடும். பிற்பாடு என் வீட்டுக்காரர் சபையில் எழுந்து நின்று இதையே சாட்சியாகச் சொன்னார். எல்லாரும் கைதட்டினார்கள்.

கோபத்துக்குப் போட்ட கதவு கோபத்தை மட்டும்தான் தடுக்கும் என்று நினைத்தேன். பயம், ஏக்கம், துக்கம் எல்லாம் அந்த ஒரே வழியாகத்தானே வர வேண்டும்? அம்மா இறந்தபோது தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த சித்திமார் மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைத்தார்கள். நான் நடுவில் போய் நின்று, "அழாதீங்க, பாட்டுப் பாடுங்க, அம்மா பரலோகம் போயிட்டாங்க" என்று அதட்டினேன். ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. "என்னா விசுவாசம் பாருங்க!" என்று சபையார் சொன்னது என் காதில் விழுந்தது, இனித்தது. என் தங்கச்சி மட்டும் சித்திமாரோடு தரையில் உட்கார்ந்து அழுதாள். அவளுக்கு விசுவாசம் கொஞ்சம் மட்டுதான் என்று அன்றைக்கே மனதில் ஒரு குறிப்பு எழுதி வைத்துக்கொண்டேன்.

தங்கச்சி என்னைவிட ஏழு வயது இளையவள். எனக்கு வீடு குண்டசாலையில், அவளுக்குத் திகனயில். ஒரே பஸ் பாதைதான். அவளுக்குக் கல்யாணமாகி ஒன்பது வருடம் பிள்ளை இல்லை. அந்த ஒன்பது வருடமும் அவளுக்காக முழங்காலில் நின்றவள் நான். பொய் சொல்லவில்லை, என் முட்டி சாட்சி. பிறகு ஒருநாள் அவள் உண்டாகியிருக்கிறாள் என்று தெரிந்தபோது நான் கந்தோர் கழிப்பறைக்குள் போய்த் தனியாக ஆடினேன். ஐந்தாம் மாதமே டவுனில், கொசு கடிக்காதபடி குழந்தைக்கு மேல் குடை மாதிரி விரிகிற நுளம்பு வலை ஒன்று வாங்கி வந்தேன். பிறப்பதற்கு முன்னால் வாங்கக்கூடாது என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். அதெல்லாம் மூடநம்பிக்கை என்று வாயை அடைத்து அனுப்பினேன்.

ஏழாம் மாதத்தில் பிள்ளையின் அசைவு குறைகிறது என்று அவளை ஆஸ்பத்திரி வார்ட்டில் நிப்பாட்டினார்கள். பயப்பட ஒன்றுமில்லை என்றுதான் தங்கச்சி மாப்பிள்ளை சொல்லியிருந்தார். மறுநாள் காலை பத்து மணி இருக்கும். கந்தோரில் சனம் நெருக்கிக்கொண்டு நின்றது. போன் அடித்தது. தங்கச்சியே பேசினாள்.

"அக்கா, புள்ள போயிருச்சு அக்கா."

"ஸ்தோத்திரம்" என்றேன்.

ஆம், அதைத்தான் சொன்னேன். யோசித்துச் சொல்லவில்லை. தும்மல் வருவதுபோல வந்துவிட்டது. தங்கச்சி, "என்னா சொன்னீங்க?" என்று கேட்டாள்.

அந்த நிமிடத்தில் நான் "ஐயோ" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை. இருபது வருடப் பழக்கம் விடுமா? "கர்த்தர் ஒண்ணும் தப்பா செய்யமாட்டாரும்மா. எல்லாம் நன்மைக்குத்தான். நீயும் ஸ்தோத்திரம் சொல்லு" என்றேன். போன் கட்டாகிவிட்டது. மடச்சி நான், சிக்னல் இல்லை என்று நினைத்துத் திரும்பத் திரும்ப அடித்தேன்.

எதிர் மேசையில் இருக்கிற சிங்கள நோனா என்ன விஷயம் என்று கேட்டார். சொன்னேன். "அனே!" என்றார். நம்முடைய ஐயோதான் அவர்களுடைய அனே. கையிலிருந்த பேனையை வைத்துவிட்டு எழுந்து வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டார். அவருடைய கண் கலங்கியிருந்தது. என் தங்கச்சியை அவர் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. எனக்குக் கண் கலங்கவில்லை என்பதை அப்போது கவனித்தேன், பெருமையாகத்தான் கவனித்தேன்.

பின்னேரம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். தங்கச்சி என்னைக் கண்டதும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். மாப்பிள்ளை என்னை மெதுவாக வெளியே கூட்டி வந்து, "அக்கா, தப்பா நெனச்சுக்காதீங்க. இப்ப போயிட்டு வாங்க" என்றார். போயிட்டு வாங்க என்றால் வராதீங்க என்று அர்த்தம். எனக்குச் சுருக்கென்று வந்தது. ஒன்பது வருடம் முழங்காலில் நின்றவளுக்கு இதுதான் மரியாதையா? பஸ் நிலையம் வரைக்கும் ஸ்தோத்திரம் ஸ்தோத்திரம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தேன். எதிரில் வந்தவர்கள் ஒதுங்கிப் போனார்கள்.

அதோடு நிறுத்தினேனா? வெள்ளிக்கிழமை பின்னேரம் எங்கள் வீட்டில் ஜெபக்கூட்டம். ஜெப விண்ணப்பம் கேட்டபோது நான் எழுந்து, "என் தங்கச்சியோட கசப்பு மாறணும், ஜெபிச்சுக்குங்க" என்றேன். பன்னிரண்டு பேர் கைகளை உயர்த்தி அவளுடைய கசப்புக்காகக் கண்ணீரோடு ஜெபித்தார்கள். செத்துப்போன பிள்ளையைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் பேசவில்லை.

சபையில் சொன்னது திகனக்குப் போக எத்தனை நாள் எடுக்கும்? நாலு நாள். செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து குண்டசாலையில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் வாட்ஸ்அப்பில் அவளுடைய குரல் செய்தி வந்திருந்தது. வீதி ஓரத்திலேயே நின்று கேட்டேன். "என் கசப்புக்கு ஜெபம் பண்ணச் சொன்னீங்களாமே. புள்ளைக்காக ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டீங்களா அக்கா? அம்மாவுக்கும் விடல. நான் செத்தாலும் பாட்டுத்தான் பாடுவீங்க. இனி எனக்குப் போன் எடுக்காதீங்க." கத்தவில்லை. செய்தி வாசிக்கிற மாதிரி நிதானமாகச் சொல்லியிருந்தாள். திரும்பவும் ஒருதரம் போட்டுக் கேட்டேன். அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை. கூடப் பிறந்தவள் என்று இருப்பது இவள் ஒருத்திதான்.

வீட்டுக்கு வந்து அலுமாரியைத் திறந்தால் அந்த நுளம்பு வலை. யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று எடுத்து மடிக்கப் பார்த்தேன். அது மடியவில்லை. ஒரு பக்கத்தை அமுக்கினால் மற்றப் பக்கம் படாரென்று விரிந்து முகத்தில் அடித்தது. மூன்றாம் தரம் அடித்தபோது ஸ்தோத்திரம் வரவில்லை. "சனியனே!" என்றேன். அவ்வளவுதான், கதவு பெயர்ந்து விழுந்துவிட்டது. வலையைத் தூக்கி அறையின் மூலைக்கு எறிந்தேன். "உமக்குக் கண்ணே இல்லையா? ஒன்பது வருசம்! குடுக்காமலே இருந்திருக்கலாமே! குடுத்துட்டுப் பிடுங்குவீங்களா?" என்று கூரை முகட்டைப் பார்த்துக் கத்தினேன். என் வீட்டுக்காரர் குசினியிலிருந்து அகப்பையோடு ஓடி வந்தார்.

"யாரோட சண்டை?"

"ஆண்டவரோட."

கொஞ்சம் யோசித்தார். "அப்ப சரி. பேசி முடிங்க" என்று சொல்லிவிட்டுக் கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டு போனார். இருபத்தொரு வருடத்தில் அந்த மனிதர் எனக்குச் செய்த பெரிய உதவி அதுதான்.

பேசி முடிக்க வெகு நேரம் எடுத்தது. கோபம் தீர்ந்த இடத்தில் அழுகை ஆரம்பித்தது. முதலில் பிள்ளைக்கு. பிறகு அம்மாவுக்கு, தோட்டத்தில் கொழுந்து பறித்து வெடித்துப்போன அம்மாவின் கால்களுக்கு. சித்திமார் வைத்த ஒப்பாரியில் பாதி எனக்கே வாயில் வந்தது. அழுதபடியே எனக்கு ஒன்று விளங்கியது. இத்தனை காலம் என் கோபத்தையும் துக்கத்தையும் கடவுளிடம் ஒப்படைக்கிறேன் என்றுதான் நினைத்திருந்தேன். உண்மையில் அவருக்குத் தெரியாமல் ஒளித்து வைத்திருக்கிறேன். அதுவும் அவருக்குப் பாடும் துதியாலேயே மூடி. என்ன துணிச்சல் எனக்கு!

ஆண்டவர் தம்முடைய சிநேகிதனின் கல்லறைக்கு முன்னால் நின்று அழுதார் என்று ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்கு நானே படிப்பித்திருக்கிறேன். இன்னும் கொஞ்ச நேரத்தில் அவனை உயிரோடு எழுப்பப் போகிறவர் அவர். அது தெரிந்தும் அழுதார். அப்போது யாரும் ஓடிப்போய், "அழாதீங்க, ஸ்தோத்திரம் சொல்லுங்க" என்று சொல்லவில்லை. நான் அங்கே இருந்திருந்தால் சொல்லியிருப்பேன். நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அடுத்த வெள்ளிக்கிழமை கூட்டத்தில் எழுந்து நின்றேன். "போன கெழம தங்கச்சி கசப்புக்கு ஜெபிக்கச் சொன்னேன். அது தப்பு. அவ புள்ள செத்துப்போச்சு, அவ அழுவுறா. கல்லு மாதிரி இருந்தது நான்தான். கடவுள்கிட்ட எனக்குக் கோவமும் இருக்கு, இன்னும் தீரல" என்றேன். யாருக்கும் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. மூலையிலிருந்த ஒரு வயதான அம்மா வழக்கம்போல "ஸ்தோத்திரம்" என்றார். சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். எனக்குச் சிரிப்பும் வந்தது. பிறகு அந்த அம்மாதான், முப்பது வருடத்துக்கு முந்திச் செத்துப்போன தன் மகனைப் பற்றி முதல் தடவையாகப் பேசினார். அன்றைக்குப் பாட்டு ஒன்றும் பாடவில்லை. கூட்டம் முடிந்து சிலர் முகத்தைத் தூக்கிக்கொண்டு போனார்கள், அதையும் சொல்ல வேண்டும்.

ஆனால் சபையில் சொன்னது தங்கச்சியிடம் சொன்னதாகாது. சனிக்கிழமை காலை திகன பஸ்ஸில் ஏறினேன். கதவைத் திறப்பாளோ மாட்டாளோ என்று பயமாக இருந்தது. ஸ்தோத்திரம் சொல்லி அந்தப் பயத்தை அமுக்காமல், பயந்தபடியே போய்ச் சேர்ந்தேன். கேட்க வேண்டிய மன்னிப்பை மனப்பாடம் செய்து வைத்திருந்தேன்.

கதவைத் திறந்தாள். பாதியாகக் காய்ந்துபோயிருந்தாள். உள்ளே வாங்க என்று சொல்லவில்லை. கதவு நிலையில் கையை வைத்து வழியை மறித்தபடி நின்றாள்.

"ஜெபம் பண்ண வந்தீங்களா?"

"இல்ல."

"பின்ன?"

மனப்பாடம் செய்ததெல்லாம் போன இடம் தெரியவில்லை. அவள் முகத்தைப் பார்த்தேன். பெற்றவளின் முகம் அது. பிள்ளை கையில் இல்லை என்பதற்காக அவள் பெறவில்லை என்று ஆகிவிடுமா? நான் அவளிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். எந்த வீட்டில் பிள்ளை பிறந்தாலும் அக்காமார் கேட்கிற சாதாரணக் கேள்வி.

"புள்ள யாரு மாதிரி இருந்துச்சு?"

அவளுடைய கை கதவு நிலையிலிருந்து வழுக்கி இறங்கியது. அப்படியே பின்னால் போய்க் கதிரையில் உட்கார்ந்தாள். நான் உள்ளே போய் அவள் காலடியில் தரையில் உட்கார்ந்தேன். எனக்கு அழுகை நிற்கவில்லை, நிறுத்தவும் இல்லை. அவள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இத்தன நாள்ல ஒருத்தருமே கேக்கல. மறந்துருன்னுதான் சொன்னாங்க." மூச்சை இழுத்துக்கொண்டாள். "பொம்பளப் புள்ள. தலை நெறைய முடி. விடியக்காலம் நர்ஸ் மிஸ் துணியில சுத்திக் கையில குடுத்தாங்க. மூக்கு அப்படியே உங்க மூக்கு அக்கா. அதச் சொல்லத்தான் அன்னைக்கு உங்களுக்குப் போன் எடுத்தேன்."